6/41-ஆ, 7/41-ஆ? லாரியின் பின் அச்சும் திண்டிவனம் - விழுப்புரம் சாலையும்

ஒரு லாரியை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் எத்தனை குதிரைசக்தி, டயர் எப்படி இருக்கிறது, எஃப்.சி. எப்போது முடிகிறது என்றெல்லாம் கேட்பார்கள். விவரம் தெரிந்த டிரைவர் கூட இருந்தால் இன்னொரு கேள்வியும் வரும். "கிரவுன் என்ன ரேஷியோ?"

இந்தக் கேள்விக்கு "ஆறு நாப்பத்தொண்ணு" என்றோ "ஏழு நாப்பத்தொண்ணு" என்றோ பதில் வரும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பெட்டிகளிலும் 6/41, 7/41, 6/37 என்று இப்படித்தான் போட்டிருக்கும். கேட்பதற்கு ஏதோ வீட்டு மனை எண் மாதிரி இருக்கும் இந்த இரண்டு எண்கள்தான் அந்த வண்டி எவ்வளவு இழுக்கும், எவ்வளவு ஓடும், எவ்வளவு டீசல் குடிக்கும் என்பதில் பாதியை முடிவு செய்கின்றன. இந்த எண்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. ஏன் மாறின என்று பார்த்தால் அதில் நம் ஊர்ச் சாலையின் வரலாறும் சேர்ந்தே வருகிறது.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். இன்ஜினிலிருந்து கியர் பாக்ஸ், அங்கிருந்து நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் கடைசியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். இது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுன் சுற்றினால் பின் சக்கரங்கள் சுற்றும். பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல் என்றால், ஷாஃப்ட் 6.83 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். பினியனில் 7 பல் என்றால் 5.86 முறை போதும்.

ஒரே ஒரு பல்தானே வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரியின் பெரிய டயர் ஒரு முறை உருண்டால் சுமார் 3.2 மீட்டர் போகும். டாப் கியரில், அதாவது ஷாஃப்டும் இன்ஜினும் ஒரே வேகத்தில் சுற்றும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் 6/41 வண்டி மணிக்கு 56 கி.மீ. போகும். 7/41 வண்டி 66 கி.மீ. போகும். அதே இன்ஜின், அதே டயர், ஒரு பல்லுக்குப் பத்து கிலோமீட்டர்! ஆனால் இது சும்மா கிடைப்பதில்லை. 6/41-க்கு இழுவை சுமார் 17 சதவீதம் அதிகம். வேகம் வேண்டுமா, இழுவை வேண்டுமா, ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

அது என்ன 41, 40 என்று முழு எண்ணாக வைக்கக் கூடாதா என்று கேட்கலாம். வேண்டுமென்றேதான் வைப்பதில்லை. 41-ம் 37-ம் பகா எண்கள். 6 பல் பினியனுக்கு 42 பல் கிரவுன் வைத்தால், பினியனின் ஒரு குறிப்பிட்ட பல் எப்போதும் கிரவுனின் அதே ஏழு பற்களைத்தான் தொடும். அந்தப் பல்லில் ஒரு குறை இருந்தால் அந்த ஏழும் சீக்கிரம் தேயும். 41 வைத்தால் ஒவ்வொரு பல்லும் சுற்றிச் சுற்றி எதிரில் உள்ள எல்லாப் பல்லையும் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். பள்ளியில் படித்த மீ.பொ.வ. கடைசியில் லாரிக்கு அடியில் உதவுகிறது!

இனி பழைய காலத்துக்குப் போவோம்.

சரக்கு வண்டிக்குத் தனி விகிதம் என்ற யோசனை மோட்டார் வண்டியின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ஃபோர்டு கம்பெனியின் புகழ்பெற்ற மாடல் டி காருக்குப் பின் அச்சு விகிதம் 3.64. அதே இன்ஜினை வைத்து 1917-ல் ஒரு டன் சுமக்கும் மாடல் டிடி லாரியைக் கொண்டுவந்தபோது விகிதத்தை 7.25 ஆக்கினார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இன்ஜினின் சக்தி வெறும் 20 குதிரை. அதை வைத்துக்கொண்டு ஒரு டன் இழுக்க வேறு வழியில்லை. சுமை குறைவு, வேகம் வேண்டும் என்பவர்களுக்கு 5.17 விகிதமும் தந்தார்கள். இன்று லாரி வாங்குகிறவர் முன் நிற்கும் அதே கேள்வி நூறு வருடங்களுக்கு முன்பே நின்றிருக்கிறது.

1926-ல் ஃபோர்டும் 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் வண்டிகளைப் பொருத்தி விற்கத் தொடங்கின. ஃபோர்டுக்குச் சென்னையிலேயே இடம் இருந்தது. தென்னாற்காடு மாவட்டத்துச் சாலைகளில் அந்தக் காலத்தில் ஓடிய பஸ்ஸும் லாரியும் பெரும்பாலும் இப்படி வந்த அமெரிக்கப் பெட்ரோல் வண்டிகள்தான். ஜி.எஸ்.டி. சாலை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தத் தென்னகப் பெருவழியில் அப்போது மாட்டு வண்டிகளே அதிகம். விக்கிரவாண்டி பக்கம் வராக நதி, விழுப்புரம் தாண்டினால் தென்பெண்ணை என்று ஆறுகள் வேறு. வேகமாகப் போகும் விகிதம் இருந்து என்ன பயன்? முன்னால் போகும் வைக்கோல் வண்டியின் வேகம்தான் பின்னால் வரும் லாரியின் வேகமும்.

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேலும் சிரமமில்லாமல் சுற்றும், ஆனால் மெதுவாகச் சுற்றும்போது இழுவை கம்மி. அதனால் பெட்ரோல் லாரிக்கு 6-க்கு மேற்பட்ட விகிதம் பொருத்தமாகவே இருந்தது. இன்ஜின் கத்தும், வண்டி நகரும். அமெரிக்காவில் இதற்கு இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். பின் அச்சுக்குள்ளேயே இரண்டு விகிதங்களை வைத்து, சுமையோடு போகும்போது ஒன்று, காலியாகத் திரும்பும்போது ஒன்று என்று மாற்றிக்கொள்ளும் அச்சு. ஈட்டன் கம்பெனி இதில் பெயர் பெற்றது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸின் பின்னாலோ பக்கவாட்டிலோ ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் கரியை எரித்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இப்படிப்பட்ட கரிவாயுக் கருவிகளைத் தயாரித்தது. "கரி பஸ்" என்று தாத்தாக்கள் சொல்வது இதைத்தான். கரிவாயுவில் ஓடும்போது பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடந்த கதைகளுக்கும், சில இடங்களில் தள்ளிய கதைகளுக்கும் காரணம் இதுதான். அந்த நேரத்தில் பின் அச்சில் இழுவை விகிதம் இருந்த வண்டிகள் தப்பித்தன.

போருக்குப் பிறகு வந்த மாற்றம்தான் பெரியது. 1948-ல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தியது, பிறகு லேலண்டோடு கைகோத்து காமெட் லாரிகளுக்கு வந்தது, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. வடக்கே ஜாம்ஷெட்பூரில் 1954-லிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் வரத் தொடங்கின. மெர்சிடிஸ் ஒப்பந்தம் 1969-ல் முடிந்துபோன பிறகும் நம் ஊரில் டாடா லாரியை "பென்ஸ் லாரி" என்றே ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டுமே டீசல். டீசல் இன்ஜின் பெட்ரோல் மாதிரி வேகமாகச் சுற்றாது, ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். அப்படியானால் பின் அச்சு விகிதத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கலாமே? செய்யவில்லை. 6/41 மாதிரி இழுவை விகிதங்களே பல்லாண்டுகள் ஓடின. இதற்கு இன்ஜினைக் காரணம் சொல்ல முடியாது. காரணம் சாலையும் சுமையும்தான். ஒற்றைத் தார்ச் சாலை, எதிரே வண்டி வந்தால் இடது சக்கரம் மண்ணில் இறங்க வேண்டும், ஒவ்வொரு ஊரிலும் கடைவீதிக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், நடுவில் ரயில்வே கேட் வேறு. மணிக்கு 40, 50 கி.மீ.-க்கு மேல் ஓட்ட வழியில்லாத சாலையில் வேக விகிதம் வைத்தால் டாப் கியரே விழாது. அடுத்தது ஓவர்லோடு. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடையை யாரும் பொருட்படுத்தாத காலம் அது. கம்பெனி ஒன்பது டன்னுக்குச் செய்தால் முதலாளி பன்னிரண்டு ஏற்றுவார். இழுவை விகிதம் இருந்ததால்தான் அந்த வண்டிகள் நின்ற இடத்திலிருந்து கிளம்பின.

இந்தப் பக்கத்துச் சுமைகளைப் பார்த்தாலே புரியும். மரக்காணம் உப்பளத்து உப்பு, திருவக்கரை பக்கத்துக் கருங்கல், கடலோரத்துச் சவுக்குக் கட்டை, முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு, விழுப்புரம் கமிட்டிக்கு வரும் மணிலா மூட்டை. (வேர்க்கடலையை இந்தப் பக்கத்தில் மணிலா அல்லது மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள்.) இதில் கரும்பு லாரியின் வேலைதான் கொடுமை. சாலையில் ஓடுவது கொஞ்சம், வயலில் நின்று கிளம்புவது அதிகம். ஈர மண்ணில் சக்கரம் புதைந்திருக்கும்போது, உச்சி வரை கட்டிய கரும்போடு வண்டியை எடுக்க வேண்டும். அங்கே 7/41 வைத்த வண்டி என்ன செய்யும்? இழுவை பற்றாது. டிரைவர் கிளட்ச்சைப் பாதி அழுத்தி இன்ஜினைக் கத்தவிட்டு எடுப்பார். ஒரு சீசனில் கிளட்ச் பிளேட் போய்விடும். பின் அச்சைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததற்கான தண்டனை பின் அச்சில் தெரியாது, கிளட்ச்சில் தெரியும்.

அதற்காக 6 பல் பினியன் குறையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். ஒரே அளவுள்ள கிரவுனுக்கு 6 பல் பினியன் செய்தால் அது 7 பல் பினியனை விடச் சிறியதாக இருக்கும். சின்னப் பினியனில் ஒவ்வொரு பல்லும் அடிக்கடி வேலை செய்ய வேண்டும், ஓவர்லோடு முழுவதும் அதன் மேல்தான் இறங்கும். பினியன் பல் உடைந்து நடுரோட்டில் நின்ற லாரிகள் நிறைய. உடைந்தால் பினியனை மட்டும் மாற்றவும் முடியாது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசி ஜோடியாகச் சேர்க்கப்பட்டவை, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். செலவு இரட்டிப்பு. ஒரே லாரியை வைத்துக்கொண்டு டியூ கட்டுகிறவருக்கு அந்த மாதம் போயே போச்சு.

பஸ்களின் கதை வேறு. 1975-ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. (1997-ல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம் ஆனது.) போக்குவரத்துக் கழகங்களில் கே.எம்.பி.எல்., அதாவது ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது பெரிய விஷயம். டிரைவர்களுக்கு இதை வைத்தே பாராட்டும் திட்டும் கிடைக்கும். ஆனால் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிற்கும் டவுன் பஸ்ஸும், திண்டிவனத்தை விட்டால் செங்கல்பட்டு என்று போகும் வண்டியும், 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரிக்குப் போகும் வண்டியும் இன்று ஒரே கழகத்தின் கீழ் ஓடுகின்றன. மூன்றுக்கும் ஒரே விகிதம் எப்படிப் பொருந்தும்? டவுன் பஸ் நின்று நின்று கிளம்புவதிலேயே டீசலைச் செலவழிக்கிறது. அதற்கு இழுவை விகிதம் சரி. தூரத்து வண்டிக்கு அதே விகிதம் இருந்தால் வழி முழுவதும் இன்ஜின் வீணாகக் கத்தும். டிரைவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை!

சாலை மாறியது 2000-க்குப் பிறகுதான். அப்போது அதற்கு என்.எச். 45 என்று பெயர். தாம்பரம் - திண்டிவனம் பகுதி நான்கு வழியாகி 2004-ல் முடிந்தது. திண்டிவனம் - உளுந்தூர்பேட்டை பகுதி 2009-ல் முடிந்து, விக்கிரவாண்டியில் டோல் வந்தது. புறவழிச்சாலைகள் வந்ததால் திண்டிவனம், விழுப்புரம் கடைவீதிகளுக்குள் லாரி நுழைய வேண்டியதில்லை. ரயில்வே கேட்டுகள் இருந்த இடத்தில் மேம்பாலம்.

பல வருடங்களாகச் சரியாக இருந்த 6/41 இந்தச் சாலையில் திடீரென்று தப்பாகிவிட்டது. எப்படி என்று பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் 6/41 வண்டியின் இன்ஜின் 2135 சுற்று சுற்றும், 7/41 வண்டியில் 1830. முந்நூறு சுற்று வீண். 80 கி.மீ. போக வேண்டுமென்றால் 6/41-க்கு 2850 சுற்று வேண்டும். பழைய டீசல் லாரி இன்ஜின்கள் பலவற்றில் கவர்னரே அதற்கு விடாது. பின்னால் புதிய வண்டி ஹாரன் அடிக்கும், டிரைவர் ஆக்ஸிலேட்டரைத் தரை வரை மிதித்திருப்பார், வண்டி 65-ஐத் தாண்டாது. பழைய லாரி வைத்திருந்தவர்களுக்கு இது உண்மையான நஷ்டம். திருச்சியிலிருந்து கோயம்பேடு மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவர் விடியலுக்குள் போய்ச் சேர வேண்டும். புது வண்டி இரண்டு மணிக்குப் போகும், பழையது மூன்றரைக்குப் போகும். யாருக்கு முதலில் விலை கிடைக்கும்?

சிலர் கிரவுன் பினியனை 7/41-க்கு மாற்றினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய லாரிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வரும். பின் அச்சு மாறியது அதற்குத் தெரியாது. மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 70-ல் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டரையும் குறைத்தே காட்டும். மாற்றிய பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகிறவர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்றுவது எல்லோருக்கும் லாபமும் இல்லை. மேம்பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளிச் சாலைகளில் ஏற்றம் 30-க்கு 1 என்ற அளவில் இருக்கலாம் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் வழக்கமான விதி. 16.2 டன் மொத்த எடையுள்ள லாரி அதில் ஏறும்போது ஏற்றத்துக்காக மட்டும் 540 கிலோ இழுவை கூடுதலாக வேண்டும். சக்தி குறைந்த பழைய இன்ஜினோடு 7/41 வைத்தால், முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது போட வேண்டியிருக்கும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் போகும் லாரிக்கு இன்னும் சிரமம். கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில் கிளம்பி ஓசூரில் சுமார் 900 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். அந்த ரூட்காரர்கள் பலர் பழைய விகிதத்தையே வைத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

பிறகு சட்டமும் உள்ளே வந்தது. 2015-ல் வந்த விதியின்படி புதிய சரக்கு வாகனங்களுக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். டிப்பர், டேங்கர் போன்றவற்றுக்கு 60 கி.மீ. அதாவது கல் குவாரி டிப்பருக்கு வேக விகிதம் வைத்தாலும் அந்த வேகத்தைப் பயன்படுத்த முடியாது. 2018-ல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. சட்டப்படியே சுமை கூடியது, இழுவையும் கூட வேண்டும். 2020-ல் பி.எஸ். 6 வந்தது. இந்தக் காலத்து இன்ஜின்களில் டீசல் எவ்வளவு, எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, டர்போ இருக்கிறது. 1200, 1400 சுற்றிலேயே முழு இழுவை கிடைக்கிறது. அதனால் நெடுந்தூர லாரிகளுக்கு 9/37 மாதிரி, அதாவது 4.11 மாதிரி விகிதங்கள் சாத்தியமாகின. அந்த விகிதத்தில் 80 கி.மீ. வேகத்துக்கு 1715 சுற்று போதும். பழைய காமெட் ஓட்டிய டிரைவரிடம் நாலேகால் விகிதத்தில் லாரி ஓடும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஆக ஒரே சாலையில் இன்று எல்லா விகிதமும் ஓடுகிறது. குவாரி டிப்பரும் கரும்பு வண்டியும் ஆறுக்குப் பக்கத்தில், சந்தை லாரிகள் நடுவில், கண்டெய்னர்கள் நாலுக்குப் பக்கத்தில். புது வண்டி வாங்குகிறவருக்குக் கம்பெனியே கேட்டுத் தந்துவிடும். தன் நடையில் எத்தனை கிலோமீட்டர் நாலு வழிச் சாலை, எத்தனை கிலோமீட்டர் மண், திரும்பும்போது லோடு உண்டா, காலியா என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் போதும். பழைய வண்டி வாங்குகிறவர்தான் ஏமாறுவார். பத்து வருடம் திருவக்கரையில் கல் ஏற்றிய வண்டியைப் பெயின்ட் அடித்து விற்றால், அதை வாங்கிச் சென்னைக்குத் தர்பூசணி ஓட்டுகிறவருக்கு முதல் நடையில்தான் விஷயம் தெரியும்.

அச்சைப் பிரிக்காமலே விகிதத்தைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, வண்டியை நியூட்ரலில் வைக்க வேண்டும். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இன்னொரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்சியல் பாதியை விழுங்கிவிடும், அதனால்தான் இரண்டு சுற்று. ஒருவர் சுற்ற, இன்னொருவர் அடியில் படுத்து ஷாஃப்ட் கோட்டை எண்ண வேண்டும். ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 6/41. ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 7/41. விலை பேசுவது அதற்குப் பிறகு.